கிர் காட்டில் மூன்று நாட்கள்: வேலூரிலிருந்து செல்பவர்களுக்கு

சத்துவாச்சாரிக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து தெருவில் பார்த்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சிங்கத்தைப் பார்த்தீங்களா?" என்பதுதான். பார்த்தோம். மூன்று நாட்களில் வேலியில்லாத காட்டுக்குள் இரண்டு முறையும், வேலியடைத்த பூங்காவுக்குள் ஒரு முறையும் சென்றதில், காட்டுக்குள் ஒரே ஒரு முறை, ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடங்கள் பார்த்தோம். அந்தப் பன்னிரண்டு நிமிடங்களுக்காக, எழுபதைத் தொடப்போகும் அம்மாவையும் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு நானும் என் மனைவியும் காட்பாடியிலிருந்து குஜராத்தின் தென்மேற்குப் பகுதி வரை போய்வந்தது தகுமா என்று கேட்டால், தயங்காமல் தகும் என்பேன். ஆனால் எதை எதிர்பார்த்துப் போக வேண்டும், எங்கே பணத்தை இழக்கக் கூடாது, எந்த அழைப்புக்குச் செவிசாய்க்கக் கூடாது என்பதையெல்லாம் விட்டுவிட்டு அந்தப் பதிலை மட்டும் சொன்னால் அது அரைகுறையான தகவலாகிவிடும்.

வேலூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சிங்கம் கல்லில்தான் பழக்கம். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களில் பாய்ந்து நிற்கும் யாளிகளைத் தொட்டுத் தொட்டு வளர்ந்தவன் நான். அம்மாவோ, சோளிங்கர் மலையின் 1305 படிகளை ஏறி யோக நரசிம்மரைக் கார்த்திகைதோறும் வணங்கி வந்தவர்; முழங்கால் வலி கண்டபின், 2024 இல் திறக்கப்பட்ட ரோப் காரில் போய்வருகிறார். போன வருடத்துக்கு முந்தைய கார்த்திகையில் அந்த மலையிலிருந்து இறங்கும்போதுதான், "உயிரோட இருக்கிற சிங்கத்தைக் கூண்டு இல்லாத இடத்துல ஒரு தடவை பார்க்கணும்டா" என்றார். நமக்குப் பக்கத்தில் இருக்கும் அமிர்தியில் மானும் மயிலும் பார்க்கலாம், சிங்கம் கிடையாது. வண்டலூரில் இருப்பவை மனிதர் வேளைக்கு இரை வைத்து வளர்ப்பவை. ஒரு காலத்தில் துருக்கியிலிருந்து ஈரான் வழியாக வட இந்தியா வரை பரவியிருந்த ஆசியச் சிங்கம், இந்தியாவில் நர்மதைக்குத் தெற்கே வாழ்ந்ததாகச் சான்றில்லை. நம் சிற்பிகளில் பலர் கண்ணால் காணாத ஒரு விலங்கைத்தான் இத்தனை உயிர்ப்போடு செதுக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. இன்று அந்தச் சிங்கம் இயற்கையாக வாழும் இடம் உலகில் ஒன்றே ஒன்று: குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலுள்ள கிர் காடும் அதைச் சுற்றியுள்ள நிலமும்.

முதலில் அனுமதிச் சீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எங்கள் பயணத்தில் தவறு நேர்ந்தது அங்கேதான். கிர் காட்டுக்குள் செல்வதற்கான பர்மிட்டைக் குஜராத் வனத்துறையின் இணையதளத்திலேயே நேரடியாக எடுத்துவிடலாம். ஜிப்சி என்னும் திறந்த ஜீப் ஒன்றுக்கு ஒரு பர்மிட். அதில் பெரியவர்கள் ஆறு பேர் வரை செல்லலாம். அனுமதிக் கட்டணம், வழிகாட்டிக்கான கட்டணம், வண்டிக் கட்டணம் என்று மூன்று இனங்களாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். வார நாளுக்கும் விடுமுறை நாளுக்கும் தொகை மாறும். இவ்வளவு எளிதான வேலையை நான் ஒரு பயண முகவரிடம் விட்டேன். அரையாண்டு விடுமுறையில் சீட்டுக் கிடைப்பது அரிது என்று சொல்லி அவர் வாங்கிய தொகை, பர்மிட்டில் அச்சிட்டிருந்த தொகையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது, காட்டுப் பயணம் தொடங்கும் ஊரான சாசண் போய்ச் சேர்ந்தபின்தான் தெரிந்தது. பணத்தைக் காட்டிலும் பெரிய சங்கடம், அம்மாவின் பெயரை அவர் ஆதார் அட்டையில் உள்ளபடி பதிவு செய்யாமல் விட்டிருந்தது. அங்கே ஒவ்வொருவருடைய அசல் அடையாள அட்டையையும் பர்மிட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். விடியற்காலைக் குளிரில் வரவேற்பு மையத்தின் முன்னால் அம்மா அரை மணி நேரம் நின்றதற்கு நான்தான் காரணம். ஆகவே முன்பதிவை நீங்களே செய்யுங்கள். அட்டையில் முதலெழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே பதியுங்கள். வனத்துறையின் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் நிறைய இருப்பதால், முகவரியை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள்.

போகும் வழியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. காட்பாடியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து அகமதாபாத், அங்கிருந்து இரவு ரயிலில் ஜூனாகட் அல்லது வேராவல். ஜூனாகட்டில் இறங்கினால் சாசணுக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் சாலைப் பயணம். வேராவலில் இறங்கினால் தூரம் குறைவு, சோமநாதர் கோயிலையும் பார்த்துவிடலாம். நாங்கள் வேராவல் வழியைத் தேர்ந்தெடுத்தோம். ஆரணியிலும் வாலாஜாபேட்டையிலும் சௌராஷ்டிர மொழி பேசும் குடும்பங்களோடு பழகியிருப்பவர்களுக்கு, அவர்களுடைய முன்னோர் புறப்பட்டதாகச் சொல்லப்படும் மண்ணில் கால் வைப்பது தனி உணர்வைத் தரும்.

சாசணில் சிங் சதன் என்னும் வனத்துறை வளாகத்திலிருந்துதான் வண்டிகள் புறப்படுகின்றன. எங்கள் முதல் பயணம் அதிகாலை நேரத்தில் அமைந்தது. எந்தத் தடத்தில் போகப்போகிறோம் என்பதே எங்களுக்கு அன்று காலையில்தான் தெரிந்தது. எங்களுக்கு அமைந்த வழிகாட்டி, நாற்பது வயது மதிக்கத்தக்கவர், அக்கம்பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் வடநாட்டு வணிகர்களோடு பேசிப் பழகிய என் இந்தி இந்தப் பயணத்தில்தான் முழுமையாகப் பயன்பட்டது. அவர் அம்மாவைக் கைபிடித்து ஏற்றியபடி "பா, மெதுவாக" என்றார். என்னைப் 'பா' என்று அழைத்துப் பழகிய என் மகள் திகைத்து, "ஆயாவை ஏன் பான்னு கூப்பிடறாரு?" என்று கேட்டாள். குஜராத்தியில் 'பா' என்றால் தாய். மூன்று நாட்களும் அவர் அம்மாவை அப்படியே அழைத்தார்.

அந்தக் காட்டைக் கண்டதும், இது எனக்குத் தெரிந்த காடுதான் என்று தோன்றியது. ஜவ்வாது மலையடிவாரத்தில் போளூர்ப் பக்கமோ அமிர்திப் பக்கமோ சுற்றியவர்களுக்கு அதே வறண்ட இலையுதிர் காடு, அதே தேக்கு, அதே புரசு, அதே முட்புதர், அதே செம்பழுப்புத் தூசி. கிர்ரில் தேக்கு அதிகம். டிசம்பரில் இலைகள் பழுத்துக் காய்ந்து, தரையில் அப்பளம் போலக் கிடந்தன; ஒரு கீரி ஓடினாலும் அந்தச் சருகுகள் காட்டிக்கொடுத்துவிடும். புள்ளிமான்கள் இவ்வளவு கூட்டமாக நிற்பதை நான் எங்கும் கண்டதில்லை. அவற்றின் எண்ணிக்கைதான் சிங்கத்தின் வயிறு என்றார் வழிகாட்டி. மரத்தின் மேல் மந்திகளும் கீழே மான்களும் சேர்ந்தே மேய்வதைக் காட்டி, மேலே இருப்பது கண், கீழே இருப்பது மூக்கு, இரண்டும் கூட்டாளிகள் என்று விளக்கினார்.

ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, கதவோரம் சாய்ந்து தரையைக் காட்டினார். தூசியில் ஒரு காலடித் தடம். பூனையின் தடத்தைப் பெரிதாக்கியது போல நான்கு விரல்களும் ஒரு குதிகாலும். நகத்தின் தடம் இல்லை. நாய் இனமானால் நகம் பதியும், பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும் என்றார். தடத்தின் ஓரங்கள் இன்னும் உதிரவில்லை, பனி அதன்மேல் விழவில்லை, ஆகவே விடிந்தபின் நடந்தது என்றும், அளவைப் பார்த்தால் பெண் என்றும் சொன்னார். என் மகள் தன் உள்ளங்கையைக் காற்றில் அதன்மேல் விரித்துப் பார்த்தாள். தடம் பெரிதாக இருந்தது. வண்டியிலிருந்து இறங்க அனுமதியில்லை என்பதால் அதற்குமேல் நெருங்க முடியவில்லை. அந்தத் தடம் ஐம்பது அடி தூரம் எங்களுக்கு முன்னால் சென்று, ஓர் ஓடையின் பக்கம் திரும்பிப் புல்லில் மறைந்தது. அன்று காலை மூன்று மணி நேரத்தில் சிங்கத்துக்கு மிக அருகில் சென்றது அதுவரைதான். கமலேஸ்வர் அணையில் வெயில் காயும் முதலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்றாலும், அறைக்கு வந்ததும் சால்வையை மடிக்காமல் அப்படியே கட்டிலில் போட்டதில் அவருடைய ஏமாற்றம் தெரிந்தது. சிங்கம் தென்படாத காடும் அழகுதான் என்று அவரிடம் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. இத்தனை தூரம் வருகிறவர்கள் சிங்கத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள், அதில் தவறொன்றுமில்லை. அதனால்தான் குறைந்தது இரண்டு முறையாவது காட்டுக்குள் செல்லத் திட்டமிடுங்கள் என்கிறேன்.

இரண்டாவது பயணம் மறுநாள் பிற்பகல். வண்டி புறப்பட்டு ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். பாதையோரத்தில் கையில் கோலோடு ஒருவர் நின்றிருந்தார். துப்பாக்கி இல்லை, தோளில் ஒரு துண்டு, இடுப்பில் வாக்கி டாக்கி, கையில் அந்தக் கோல், அவ்வளவுதான். சிங்கங்கள் எங்கே படுத்திருக்கின்றன, எங்கே நகர்கின்றன என்று நாள்தோறும் நடந்தே பின்தொடரும் தடம் பார்ப்பவர்களில் அவர் ஒருவர். எங்கள் ஓட்டுநரைப் பார்த்து உள்ளங்கையைத் தரைநோக்கி மெல்ல அழுத்திக் காட்டினார். இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள்.

பாதையிலிருந்து பதினைந்து அடி தூரத்தில், ஒரு புரச மரத்தின் நிழலில் இரண்டு ஆண் சிங்கங்கள். முதலில் எனக்கு எதுவுமே தெரியவில்லை. காய்ந்த புல்லின் நிறமும் அவற்றின் நிறமும் ஒன்றாகவே இருந்தன. ஒரு காது அசைந்தபிறகுதான் முகம் தெரிந்தது. ஆப்பிரிக்கச் சிங்கத்தைப் படங்களில் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பிடரி சற்றுக் குறைவாகத் தோன்றியது. காதுகள் இரண்டும் பிடரிக்கு வெளியே தெளிவாகத் தெரிந்தன. அடிவயிற்றில் நீளவாக்கில் ஒரு தோல்மடிப்புத் தொங்கியது. ஆசியச் சிங்கத்துக்குரிய அடையாளங்கள் இவை என்று வழிகாட்டி கிசுகிசுத்தார். அண்ணன் தம்பியாக இருக்கும், இந்தக் காட்டில் ஆண்கள் தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்து தனியே திரியும், பெண்களும் குட்டிகளும் வேறு கூட்டமாக வாழும், சேர்க்கைக் காலத்திலும் பெரிய இரை விழும்போதும்தான் ஒன்றுசேரும் என்றும் சொன்னார். மீசை முளைக்கும் இடத்தில் உள்ள புள்ளிகளின் வரிசை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாக இருக்குமாம். முகத்துத் தழும்புகளையும் அந்தப் புள்ளிகளையும் வைத்துத்தான் அவர்கள் இனங்காண்கிறார்கள்.

பெரியதன் மூக்கின் மேல் குறுக்காக ஒரு காயம், ஆறிக் கறுத்திருந்தது. அதைச் சுற்றி ஈக்கள் மொய்ப்பதும், ஒவ்வொரு மூச்சுக்கும் அவை எழுந்து மீண்டும் அமர்வதும் வெறும் கண்ணுக்கே தெரிந்தன. என் மகள் அம்மாவின் காதருகே, "ஆயா, அது தூங்குதா?" என்றாள். அது தூங்கவில்லை, கண்ணைப் பாதி மூடி எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடங்கள் யாரும் பேசவில்லை. அப்போது பின்னால் வந்து நின்ற வேறொரு வண்டியில் இருந்தவர்கள், படம் எடுப்பதற்காக இருக்கையின் மேல் ஏறி நின்று, சிங்கத்தின் கவனத்தைத் திருப்பச் சீழ்க்கையடித்தார்கள். எங்கள் வழிகாட்டி அவர்களைப் பார்த்து இரு கைகளையும் கூப்பினார். ஆனால் அதற்குள் பெரியது எழுந்துவிட்டது. எழுந்து, முதுகை நீட்டி, எங்கள் வண்டியின் முன்பக்கமாகப் பாதையைக் கடந்தது. அத்தனை எடை கொண்ட விலங்கின் பாதம் தூசியில் படும்போது ஓசையே எழவில்லை. ஒரு புதரில் முகத்தை உரசி, திரும்பி நின்று அதில் சிறுநீரைப் பீய்ச்சிவிட்டுச் சரிவில் இறங்கியது; இளையதும் பின்தொடர்ந்தது. அந்த நெடி நாங்கள் நின்றிருந்த நேரமெல்லாம் காற்றில் இருந்தது. அம்மா கூப்பிய கையைப் பிரிக்கவேயில்லை. அன்று இரவு, பிடரியை விட அந்த மூக்கின்மேல் இருந்த காயம்தான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது என்றார்.

இந்தச் சேவையில் ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பிடச் சொன்னால், வழிகாட்டிக்கும் அந்தக் கோல்காரருக்கும் தயங்காமல் ஐந்தைக் கொடுப்பேன். காட்டையும் விலங்கையும் வருகிறவரையும் ஒருங்கே மதிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். 2007 முதல் பெண்களும் இங்கே வனக்காவலர் பணிக்கு வந்திருக்கிறார்கள். காயம்பட்ட சிங்கத்தை மீட்பது, கிணற்றில் விழுந்த சிறுத்தையைத் தூக்குவது வரை எல்லா வேலையும் அவர்கள் செய்கிறார்கள். சோதனைச் சாவடியில் எங்கள் பர்மிட்டைச் சரிபார்த்த இளம்பெண், ஒவ்வொரு வண்டியிலும் எத்தனை தண்ணீர்ப் பாட்டில்கள் உள்ளே போகின்றன என்று கணக்கெடுத்தார். திரும்பும்போது அத்தனையும் இருக்கின்றனவா என்று பார்க்கவும் செய்தார்.

காட்டுக்குள்ளேயே மால்தாரிகள் என்னும் மேய்ப்பர்கள் வாழ்கிறார்கள். முள்வேலி கட்டிய அவர்களுடைய குடியிருப்புக்கு 'நேஸ்' என்று பெயர். சுருண்ட கொம்புள்ள எருமைகளும், தொங்கும் காதுகளும் புடைத்த நெற்றியும் உள்ள கிர் மாடுகளும் அவர்களுடைய செல்வம். 1970களில் பல குடும்பங்கள் காட்டுக்கு வெளியே குடியமர்த்தப்பட்டாலும், உள்ளே தங்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய கால்நடையைச் சிங்கம் அடித்தால் வனத்துறை இழப்பீடு தருகிறது. எங்கள் வண்டி ஒரு நேஸைக் கடந்தபோது, ஒரு முதியவர் பால் கறந்துகொண்டிருந்தார்; ஐந்து நிமிடத் தூரத்தில்தான் காலையில் நாங்கள் கண்ட தடம் இருந்தது. மாடு போய்விட்டால் வருத்தமில்லையா என்று வழிகாட்டியிடம் கேட்டேன். வருத்தம்தான், ஆனால் சிங்கம் தன் பங்கை எடுத்துக்கொண்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள் என்றார். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்தில் ஆந்திர எல்லையிலிருந்து இறங்கும் யானைகளால் ஓர் இரவில் வாழையையும் நெல்லையும் இழக்கும் உழவர்கள் எனக்கு உறவினர்கள். அவர்கள் படும் பாட்டை அறிந்தவன் என்பதால், அந்த மேய்ப்பர்களின் பொறுமையை எளிதான ஒன்றாக என்னால் எண்ண முடியவில்லை. கிர்ரைச் சுற்றியுள்ள ஊர்களில் விலங்குகள் தவறி விழாமலிருக்க ஆயிரக்கணக்கான திறந்த கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டியிருக்கிறார்கள். சாலையோர வயல்களில் அத்தகைய சுவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தபோது, நம் அடிவாரக் கிராமங்களில் தரைமட்டத்தோடு வாய்பிளந்து கிடக்கும் கிணறுகள்தான் என் நினைவுக்கு வந்தன.

இந்தக் கூட்டு வாழ்க்கை இல்லாவிட்டால் இங்கே சிங்கமே மிஞ்சியிருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேட்டையால் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்துவிட்ட இனத்தை, ஜூனாகட் நவாபுகள் வேட்டையைத் தடுத்துக் காத்தார்கள். 1965 இல் கிர் சரணாலயமானது. 1975 இல் அதன் நடுப்பகுதி தேசியப் பூங்காவானது. 1968 கணக்கெடுப்பில் 177 ஆக இருந்த எண்ணிக்கை 2020 இல் 674 ஆகவும், 2025 மே மாதக் கணக்கெடுப்பில் 891 ஆகவும் உயர்ந்தது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை இப்போது காப்பிட எல்லைக்கு வெளியே, வயல்களிலும் தோப்புகளிலும் கடற்கரை வரையும் வாழ்கின்றன. 2023 இல் ஓர் ஆண் சிங்கம் தானாகவே நடந்து போர்பந்தர் அருகிலுள்ள பர்டா காட்டை அடைந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அங்கே சிங்கமே இல்லாமலிருந்தது.

பெருமைப்படத்தக்க இந்தக் கணக்கின் நடுவே எனக்கு ஒரு கவலையும் உண்டு. முட்டைகள் அனைத்தும் ஒரே கூடையில் இருக்கின்றன. 2018 இல் நாய்களிடமிருந்து பரவக்கூடிய டிஸ்டெம்பர் வைரஸ் கிர்ரின் கிழக்குப் பகுதியில் புகுந்து, சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் மாண்டன. வெளிநாட்டிலிருந்து தடுப்பூசி தருவித்துப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூனில் வண்டலூரில் கொரோனா தொற்றால் நீலா என்ற பெண் சிங்கம் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அடைத்து வைத்து, மருத்துவர்கள் பக்கத்திலேயே இருந்த இடத்தில் நடந்தது அது. சில சிங்கங்களை மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் ஆணையிட்டது. அது இன்னும் நிறைவேறவில்லை. குனோவுக்கு 2022 இல் ஆப்பிரிக்காவிலிருந்து சிவிங்கிப்புலிகள் வந்து சேர்ந்தன. சிங்கத்தைத் தங்கள் குடும்பத்து உறுப்பினர் போலக் கருதும் மக்கள் அதைப் பிரிய மனமில்லாமல் இருப்பது எனக்குப் புரிகிறது. எனினும், மூக்கில் காயத்தோடு ஈ விரட்டிக்கொண்டு படுத்திருந்த அந்த விலங்கை நேரில் பார்த்தபின், இன்னோர் இடத்திலும் அதன் இனம் பாதுகாப்பாக வாழ வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வலுத்திருக்கிறது.

இனி, செவிசாய்க்கக் கூடாது என்று தொடக்கத்தில் நான் சொன்ன அழைப்பு. முதல் நாள் காட்டில் சிங்கம் தென்படவில்லை என்பதை அறிந்த ஒருவர், அன்று மாலை நாங்கள் தங்கியிருந்த விடுதியின் வாசலில் என்னைத் தனியே அழைத்து, இரவில் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போய் "ஷோ" காட்டுவதாகச் சொன்னார். கன்றையோ கோழியையோ கட்டிவைத்துச் சிங்கத்தை வரவழைத்து, வண்டி விளக்கைப் பாய்ச்சிக் காட்டும் குற்றச் செயலுக்குத்தான் அங்கே அந்தப் பெயர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய இச்செயலுக்காகப் பலர் கைதாகியிருக்கிறார்கள். மனிதன் இரை தருவான் என்று பழகிவிட்ட சிங்கம் பிறகு மனிதக் குடியிருப்பை நாடும். அதற்குப் பின் அது கூண்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும். அம்மாவின் வாடிய முகத்தை நினைத்து எனக்கு ஒரு கணம் தடுமாற்றம் வந்தது உண்மை. அவரிடமே போய்ச் சொன்னேன். "கட்டிப்போட்டு வரவழைக்கிறதைப் பார்க்கவா நான் இவ்வளவு தூரம் வந்தேன்? வேணாம்டா" என்றார். மறுநாள் காலையில் வழிகாட்டியிடம் அதைச் சொன்னபோது அவருடைய முகம் சிவந்துவிட்டது. உங்களுக்கும் இப்படி அழைப்பு வந்தால் மறுத்துவிட்டு, வனத்துறைப் பணியாளர் யாரிடமாவது கட்டாயம் தெரிவியுங்கள்.

தேவலியா பூங்காவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஏறத்தாழ நான்கு சதுர கிலோமீட்டர் பரப்பை வேலியடைத்துச் சில சிங்கங்களையும் மான்களையும் உள்ளே வைத்திருக்கிறார்கள். பேருந்திலும் போகலாம், ஜிப்சியிலும் போகலாம். சிங்கத்தைக் காண்பது ஏறக்குறைய உறுதி. முதியவர்களும் சிறு குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்கு ஏற்றது, செலவும் குறைவு. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகப் பேருந்துகள் வந்து நிற்க, சிங்கம் நிமிர்ந்தும் பாராமல் படுத்திருப்பது வண்டலூரைத்தான் நினைவுபடுத்தியது. காட்டுக்குள் பர்மிட் கிடைக்காதவர்கள் இதை நம்பிப் போகலாம். கிடைத்தவர்களுக்கு இது தேவையில்லை. புதன்கிழமைகளில் மூடியிருக்கும்.

சாப்பாடு எங்களுக்கு மனநிறைவாகவே இருந்தது. கம்பு மாவில் தட்டிய கனமான ரோட்லா, வெல்லம், வெள்ளைப் பூண்டுச் சட்னி, மோர், சுட்ட கத்தரிக்காயை மசித்துத் தாளித்த ஓளோ. களி உண்டு வளர்ந்த அம்மாவுக்கு ரோட்லா உடனே பிடித்துவிட்டது. ஓளோவைச் சாப்பிட்டுவிட்டு, நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரியில் செய்தால் இதைவிட நன்றாக வரும் என்று அவர் சொன்னதை நான் வீட்டில் இரண்டு முறை சோதித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். சைவம் மட்டுமே கிடைக்கும் விடுதிகள் அதிகம் என்பதையும், காரத்தோடு இனிப்பும் கலந்திருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

டிசம்பர் விடியற்காலையில் திறந்த வண்டியில் அடிக்கும் குளிர் காற்றை வேலூர் வெயிலில் பழகிய உடம்பு தாங்காது. ஆளுக்கொரு கனமான சால்வையும் காதை மூடும் துணியும் கட்டாயம் தேவை. பகலில் தூசி பறக்கும், ஆகவே மூக்கை மூட ஒரு கைக்குட்டை. முழங்கால் வலி உள்ளவர்கள் ஜிப்சியில் ஏறுவதற்குச் சற்றுச் சிரமப்படுவார்கள். முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், பாதையின் குலுக்கலும் அங்கே குறைவு. செல்பேசியை நம்பாமல் ஒரு தொலைநோக்கியை எடுத்துச் செல்லுங்கள். எங்களிடம் இருந்த ஒன்றுக்கு நான்கு பேர் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை காடு மூடியிருக்கும். கோடை விடுமுறையில் போனால் வெயில் கடுமையாக இருந்தாலும், நீர்நிலைகள் வற்றுவதால் விலங்குகள் தண்ணீருக்கு வரும், கேசர் மாம்பழமும் கிடைக்கும். அரையாண்டு விடுமுறைதான் வசதி என்றால், தீபாவளிக்குத் துணி எடுப்பதற்கு முன்பே பர்மிட்டை எடுத்துவிடுங்கள்.